நாற்பத்திரண்டு பல்லும் ஒரு தூக்குப்போசி மோரும்

பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறதே, முன்னால் இத்தனை பல், பின்னால் இத்தனை பல் என்று கட்டம் போட்டு எழுதிய அட்டை, அதை எழுதியவன் நான்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளும் அம்மணிகளும் அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். கணக்கில் ஒரு தப்பும் கிடையாது. முன்னால் ஒரு பல்லைக் குறைத்தால் பின்னால் மூன்று பல் கூட்டிய மாதிரி, வண்டிக்கு இழுவை கூடும், ஓட்டம் குறையும். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த அட்டையை எழுதிய ஆளே காட்டுப்பாதை வண்டி ஒன்றுக்கு ஸ்பிராக்கெட், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரம், தேர்ந்தெடுப்பதில் மண்ணைக் கவ்வியிருக்கிறான். நிஜமாகவே மண்தான், வாயில் கரகரவென்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் லேத்தில் நின்றவன், அப்புறம் இந்தப் பட்டறைக்கு வந்து ரிட்டயர் ஆகும் வரை செயினும் ஸ்பிராக்கெட்டுமாகவே காலம் போயிற்று. எனக்கு முன்கோபம் உண்டு. நம் ஊர்ப் பழக்கப்படி கோபம் வந்தால் நான் கத்த மாட்டேன், மரியாதை கூடிவிடும். என்னோடு வேலை செய்தவர்களைக் கேளுங்கள். 'ஏனுங்க, இந்த போல்ட்டை நீங்களேதானுங்க முடுக்குனீங்களா?' என்று நான் கேட்டால் பட்டறையில் பாதிப்பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

சுகன்யா என்று ஒரு மாட்டு டாக்டர் நம்மிடம் வண்டி விட்டார். கொடுமுடிப் பக்கம் மஞ்சள் விவசாயம் செய்கிற குடும்பம். படித்து முடித்ததும் ஊரோடு கிளினிக் வைக்காமல், அந்தியூருக்கு மேலே மலையில் இருக்கிற மாட்டுப் பட்டிகளுக்குப் போய் வைத்தியம் பார்க்கக் கிளம்பியவர். ஜீப் போகும் பாதை ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் நடை. நடந்து போனால் நாளைக்கு ஒரு பட்டிதான் பார்க்க முடிகிறது என்று, காட்டுப்பாதையில் போகிற உயரமான மோட்டார் பைக் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கிவிட்டார். பின்னால் மருந்துப் பெட்டி, முன்னால் இவர். ஆள் சின்ன உருவம், தைரியம் பெரிசு.

முதல் தடவை வந்தபோது கிளட்ச் பிளேட் கருகி நாற்றம் தெருமுனை வரை அடித்தது. கம்பெனி கொடுத்தபடி முன்னால் பதினான்கு பல், பின்னால் நாற்பத்திரண்டு. தார் ரோட்டுக்கு அது சரி. மலை ஏற்றத்தில் முதல் கியரே வேகமாக இருக்கும், வண்டி திணறும், கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து ஓட்ட வேண்டிவரும், பிளேட் கருகும். பிளேட்டை மாற்றி, முன்னால் பதிமூன்று போட்டுக் கொடுத்தேன். அரைமணி நேர வேலை.

ஒரு மாதம் கழித்து வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி.

"எப்புடிங்க அம்மணி போகுது வண்டி?"

"மேட்டுல அருமையா ஏறுதுங்க சார். ஒருக்கா உழுந்துட்டேனுங்க, அவ்வளவுதானுங்க."

அட சாமி, இந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. 'அருமையா ஏறுது' என்று முதலில் சொன்னதை என் காது தள்ளிவிட்டது. 'உழுந்துட்டேன்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டது. மலைப்பாதை, சின்ன உருவம், பெட்டி பாரம், கீழே விழுந்திருக்கிறார் என்றால் ஏற்றத்தில் வண்டி அணைந்துதான் விழுந்திருப்பார். நானே முடிவு பண்ணிவிட்டேன். எங்கே விழுந்தீர்கள், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்கலாம்தான். ஒரு பெண்பிள்ளையிடம், அதுவும் டாக்டரிடம், 'எப்புடி உழுந்தீங்க' என்று கேட்பது நமக்கு ஒரு மாதிரி இருக்கும் இல்லையா? மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டேன். உள்ளே போய் நாற்பத்தெட்டுப் பல் ஸ்பிராக்கெட் ஒன்றை எடுத்து வந்து, "இதப் போட்டுப் பாருங்க, வண்டி ஆடு மாதிரி ஏறும்" என்றேன். அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, "சரிங்க சார்" என்றார். செயினில் கண்ணி சேர்த்து மாட்டினேன். கழற்றிய பொருளை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது நம் பட்டறை வழக்கம். பழைய நாற்பத்திரண்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் தடவை வந்தபோது முழங்கையில் நாலு தையல்.

"வண்டி எப்புடிங்க?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

நம் ஊரில் 'நல்லா இருக்குதுங்க' வேறு, 'நல்லாத்தானுங்க இருக்குது' வேறு. விருந்துக்குப் போன ஒறம்பரை வீட்டில் ரசத்தில் உப்பு இல்லை என்றால் நாம் என்ன சொல்வோம்? 'நல்லாத்தானுங்க இருக்குது' என்போம். அறுபது வருஷம் இந்த ஊரில் பேசிப் பழகிய எனக்கு அது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. போதாக்குறைக்கு அன்று கிளட்ச்சைத் திறந்தும் பார்த்தேன். பிளேட் புதுசு போல இருந்தது. ஏற்றத்தில் திணறுகிற வண்டியின் பிளேட் அப்படி இருக்காது. வண்டியே என்னிடம் சாட்சி சொல்கிறது, நான் மூடி போட்டு மூடிவிட்டேன். "மறுபடி ரெண்டு தடவ உழுந்துட்டேனுங்க" என்று அவர் மெதுவாகச் சொன்னதும், முன்னால் பன்னிரண்டு பல் போட்டுவிடலாம், வரவழைத்துத் தருகிறேன் என்றேன்.

அந்தப் பன்னிரண்டு வந்து சேர்ந்த அன்று எனக்கு ஒரு போன். அவருடைய அப்பா.

"ஏனுங்க, சௌக்கியமுங்களா? உங்க வேலையில குத்தம் சொல்ல வரலீங்க. நீங்க கைதேர்ந்த ஆளுன்னு ஊரே சொல்லுதுங்க."

குத்தம் சொல்லத்தான் வருகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மழை, மஞ்சள் விலை, என் வீட்டார் நலம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். மகள் மூன்றாம் தடவை விழுந்தது தெரிந்து வீட்டில் அம்மா சாப்பிடுவதில்லை. இன்னொரு முறை விழும் வரை காத்திருக்கத் தன்னால் ஆகாது. அந்தியூரில் ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்கிறார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொடுப்பதாகப் பேச்சு. ஈரோட்டில் நாய் பூனைக்கு ஊசி போடுகிற கிளினிக் ஒன்றில் மகளுக்கு இடமும் சொல்லி வைத்துவிட்டார்.

"நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாதுங்க. உங்க ஸ்பிராக்கெட்டு ரொம்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரொம்ப சந்தோஷமுங்கண்ணா. ஞாயித்துக்கிழம நானும் மலைக்கு வாரேனுங்க. ஒரே ஒரு பல்லு மாத்திப்போட்டுப் பாக்கலாமுங்க. அப்பறம் நீங்க எது சொன்னாலும் சரிதானுங்க" என்றேன். வாக்கியத்துக்கு ரெண்டு 'ங்க' போட்டேன். அவரும் சளைக்கவில்லை, மூன்று போட்டார். அந்தப் போனை ஒட்டுக்கேட்ட யாருக்கும் நாங்கள் சம்பந்தம் பேசுவதாகத்தான் தோன்றியிருக்கும்.

ஞாயிறு காலை, ஜீப் பாதை முடிகிற இடத்தில் நாங்கள் மூவரும் சந்தித்தோம். அப்பாக்காரர் தும்பைப்பூ போல வெள்ளை வேட்டி சட்டை. மலைக்கு இந்த உடுப்பா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். என் தோளில் பையில் ஸ்பேனர்கள், செயின் வெட்டி, பன்னிரண்டு பல். சுகன்யா வண்டியை ஏற்றினார். நானும் அப்பாவும் பின்னால் நடந்தோம்.

அந்த அம்மணி ஏறிய ஏற்றத்தைச் சொல்ல வேண்டுமே. உருளைக் கல், வேர், நடுவில் மழையில் நனைந்த செம்மண் சரிவு. வண்டி ஒரு இடத்தில் இருமவில்லை, அணையவில்லை, ஒரே சீராக ஏறி மறைந்துவிட்டது. கண்ணால் பார்த்தேன். பார்த்தும் என் புத்தி என்ன சொல்லிற்று தெரியுமா? 'பன்னிரண்டு போட்டால் இன்னும் சுகமாக ஏறும்.' ஒரு முடிவைக் கட்டிப் பிடித்துக்கொண்டால் கண்ணும் அதன் பக்கமே சாய்ந்துவிடுகிறது. சிறிது நேரத்தில் மேலே எங்கிருந்தோ கணீர் கணீர் என்று மணி அடிப்பது கேட்டது. மலைமேல் கோயில் இருக்கிறது போல என்று அப்பாக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் நடந்து பட்டிக்குப் போனால் டாக்டரம்மா அதற்குள் ரெண்டு மாட்டுக்கு ஊசி போட்டு முடித்திருந்தார். சிவப்பில் வெள்ளைத் திட்டுப் போட்ட மலைமாடுகள், ஒவ்வொன்றும் நம்மைப் பார்த்து மூச்சு விடுவதிலேயே மிரட்டும். அவற்றின் நடுவே இவர் முழங்கைத் தையலோடு புகுந்து புகுந்து வேலை செய்கிறார். அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் சுகன்யா தலை நிமிராமல் சொன்னார்.

"எனக்கு நாயும் பூனையும் வேண்டாமுங்க சார். இந்த மாடுகதானுங்க வேணும். அப்பாகிட்ட எப்புடீங்க எதுத்துப் பேசறது? எப்படியாச்சும் வண்டிய சரி பண்ணிக் குடுத்துருங்க சார்."

குரல் உடைந்துவிட்டது. ஆனால் ஊசி பிடித்த கை நடுங்கவில்லை, அதையும் பார்த்தேன். 'கவலைப்படாதீங்க அம்மணி' என்று பெரிய மனிதன் போலச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பன்னிரண்டைப் போடுமுன் இப்போது இருக்கிறபடி ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்று நானே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஏற்றத்தைச் சோதிக்க வேண்டும் என்றால் முதலில் இறங்க வேண்டும் அல்லவா?

செம்மண் சரிவு வந்ததும் முதல் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டேன். அவ்வளவுதான். பின்சக்கரத்தை யாரோ கயிறு போட்டுக் கட்டிய மாதிரி இருந்தது. சக்கரம் உருளவில்லை, வழுக்கிற்று. வண்டியின் பின்பக்கம் எனக்கு முன்னால் போகப் பார்த்தது. பதறி ரெண்டாம் கியருக்கு மாற்றினேன். இப்போது வண்டி கைக்கு அடங்காமல் ஓடிற்று. மறுபடி ஒன்றுக்குப் போட்டேன். அடுத்த நொடி வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சேற்றில் குப்புற விழுந்து வாய் நிறைய மண்.

அடி ஒன்றும் இல்லை. தலையைத் தூக்கினால் ஒரு பட்டிக்காரர் மாடு ஓட்டிக்கொண்டு நிற்கிறார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், தமிழும் பேசுவார், நம்மைப் போலச் சுற்றி வளைக்கத் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டாக்டரம்மாவும் இங்கதான் உழுந்துச்சு. ரெண்டு வாட்டியும் இதே எடம்."

"மேல ஏறறப்பங்களா?" என்றேன், மண்ணைத் துப்பிக்கொண்டே.

"ஏறறப்ப எதுக்கு உழுகும்? ஏறறப்ப ராணி மாதிரி வரும். இறங்கறப்பதான் உழுகும். உன்னையாட்டம்."

தம்பிகளே, அந்த 'உன்னையாட்டம்' என் வாழ்க்கையிலேயே எனக்குக் கிடைத்த நல்ல பாடம். பல்லைக் கூட்டிக் கூட்டி நான் வண்டிக்கு இழுவை கொடுத்தேன். இழுவை கூடினால் இறக்கத்தில் என்ஜினே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். காய்ந்த தரையில் அது உதவி. ஈரச் செம்மண்ணில் அதுவே குழி பறிக்கும். ஏற்றத்துக்கு மருந்து கொடுத்து இறக்கத்தில் ஆளைத் தள்ளிவிட்டிருக்கிறேன். பையில் இருந்த பன்னிரண்டை மாட்டியிருந்தால் இன்னும் மோசம்.

சத்தம் கேட்டு அப்பாவும் மகளும் ஓடி வந்தார்கள். நான் சேற்றில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"அம்மணி, மொத தடவ நெத்தியில அடிபட்டுச்சுங்களே, அதும் இறக்கத்துலயுங்களா?"

"இல்லீங்க சார். அது சமதரையிலீங்க. கன்னுக்குட்டி ஒண்ணு குறுக்க வந்திருச்சுங்க."

"கன்னுக்குட்டிங்களா!"

"ஆமாங்க."

"அத ஏனுங்க அன்னைக்கே சொல்லலீங்க?"

"நீங்க கேக்கலீங்களே சார். அதுக்குள்ள உள்ள போயி பெரிய ஸ்பிராக்கெட்டா எடுத்துட்டு வந்து கையில வெச்சுட்டீங்க. பெரியவரு ஆசையா எடுத்துட்டு வந்தத வேண்டாமுன்னு எப்புடீங்க சொல்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது? கன்றுக்குட்டியைத்தான் திட்டலாம். மரியாதைக்காக நான் கேட்கவில்லை, மரியாதைக்காக அவர் சொல்லவில்லை. நடுவில் நாலு தையல். "மன்னிச்சுப்போடுங்க அம்மணி, தப்பு பூராவும் என்ற மேலதான்" என்று அப்பா எதிரிலேயே சொன்னேன். முதலில் போட்ட பதிமூன்றும் நாற்பத்திரண்டும்தான் இந்தப் பாதைக்குச் சரி. அந்த நாற்பத்திரண்டு எங்கே?

சுகன்யா சங்கடமாகப் பட்டிப் பக்கம் கை காட்டினார். அங்கே மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது நாற்பத்திரண்டு பல் ஸ்பிராக்கெட். டாக்டர் வந்தால் காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று பட்டிக்காரர் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறார். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டது அதன் ஓசைக்குத்தான். அப்பாக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், முதல் தடவையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

பட்டிக்காரர் லேசில் கொடுக்கவில்லை. "மணிய எடுத்துட்டா மாடு எப்படி வரும்?" என்றார். பெரிசு ஒன்று பதிலுக்குத் தருகிறேன் என்று சொல்லி வாங்கினேன். விளிம்பில் தட்டாமல் தட்டையான பக்கத்தில் தட்டியதால் பல் ஒன்றுகூடக் கெடவில்லை. நாற்பத்தெட்டைக் கழற்றி, செயினில் நான் சேர்த்த கண்ணிகளை வெட்டி எடுத்து, நாற்பத்திரண்டை மாட்டினேன். நாற்பத்தெட்டு மரத்தில் ஏறிற்று. தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சத்தம் ஜாஸ்தி" என்று பட்டிக்காரர் திருப்திப்பட்டார். நான் போட்ட நாற்பத்தெட்டுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

சுகன்யா முதலில் தனியாக இறங்கினார். செம்மண் சரிவில் முதல் கியர், ஆக்ஸிலேட்டரை விட்டார். சக்கரம் கட்டவில்லை. உருண்டு உருண்டு, நடக்கிற வேகத்தில் இறங்கிற்று. திரும்பி அதே சரிவில் ஏறினார், ஏறிற்று. இன்னொரு தடவை இறங்கி ஏறினார். எனக்கு நெஞ்சு அடித்த அடி பட்டி மணியைவிடப் பலம்.

அப்பா பட்டி வாசலில் நான் கழற்றி வைத்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். "நானும் பொறத்தால உக்காந்து வாரேன், அம்மணி. நீ உழுகற எடத்துல நானும் உழுகறேன்" என்றார். மருந்துப் பெட்டியை நான் தோளில் வாங்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பட்டிக்காரரின் மனைவி ஒரு தூக்குப்போசி நிறைய மோர் கொண்டுவந்து, வழியில் குடிக்கச் சொல்லி அப்பா கையில் கொடுத்துவிட்டார். மூடி கிடையாது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மட்டும் வருமா? வாங்கிக்கொண்டார். வண்டி கிளம்பிப் போயிற்று. நான் நடந்து இறங்கினேன், ஒவ்வொரு வளைவிலும் வெள்ளை வேட்டி புதரில் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.

ஜீப் நின்ற இடத்தில் அவர் வண்டியை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்புடிங்கண்ணா இருந்துச்சு?"

"நல்லாத்தானுங்க இருந்துச்சு."

மறுபடியும் அந்தத் 'தானுங்க'. ஆனால் அன்றைக்குப் பட்டது போதும், இனிமேல் வாய் சொல்வதைக் கேட்பதில்லை என்று மேலேயே முடிவு செய்திருந்தேன். அவர் கையைப் பார்த்தேன். வரும் வழியெல்லாம் ரெண்டு கையாலும் தூக்குப்போசியைத்தான் பிடித்திருக்கிறார், மகளையோ வண்டியையோ பிடிக்கவில்லை. போசி விளிம்புவரை மோர். வேட்டியைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

போன் அடித்தது. வண்டி வாங்க அந்தியூரில் காத்திருந்தவர். "ஏனுங்க, சௌக்கியமுங்களா?" என்று அப்பா ஆரம்பித்தார். மழை, மஞ்சள், வீட்டார் நலம் எல்லாம் நிதானமாக விசாரித்தார். நான் சேறு காய்ந்த சட்டையோடும், சுகன்யா ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்தும் பக்கத்தில் நின்றோம். கடைசியில் சொன்னார்.

"நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாதுங்க. வண்டி குடுக்கற மாதிரி இல்லீங்க. நாளைக்கு என்ற புள்ளைக்கு மலையில வேலை இருக்குதுங்க."

அப்புறம் போசியை என்னிடம் நீட்டினார். வாயில் இருந்த மண்ணோடு முழுசாகக் குடித்தேன்.